அலாஸ்காவை விற்றபோது கைமாறியது எது?

அலாஸ்கா பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு கணக்கு கூடவே வந்துவிடும். 1867-ல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு 72 லட்சம் டாலருக்கு விற்றது. அதைப் பரப்பளவால் வகுத்தால் ஏக்கர் இரண்டு சென்ட். உடனே ஒருவர் ‘அடிமாட்டு விலை’ என்பார். இன்னொருவர், பின்னாளில் தங்கமும் எண்ணெயும் கிடைக்கும் என்று ரஷ்யாவுக்குத் தெரியாமல் போயிற்றே என்று அங்கலாய்ப்பார்.

வகுத்தல் கணக்கில் பிழை இல்லை. பிழை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. ஏக்கர் விலை பேச வேண்டுமென்றால் விற்றவர் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்திருக்க வேண்டும். அலாஸ்காவின் பெரும்பகுதி நிலத்துக்கு ரஷ்யா எந்தக் காலத்திலும் சொந்தக்காரராக இருந்ததில்லை. அப்படியானால் 72 லட்சத்துக்கு அமெரிக்கா எதை வாங்கியது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், அந்த மாநில வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் 1884, 1959, 1968, 1971 ஆகிய ஆண்டுகள் ஒரே கயிற்றில் கோத்த முடிச்சுகள் என்பது புலப்படும்.

ஊர் மாறினால் வீடு யாருடையது?

உங்கள் ஊர் பேரூராட்சியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அரசாணை வந்து, அது பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப்படுகிறது. மறுநாள் முதல் வீட்டு வரி வேறு அலுவலகத்துக்குப் போகும். குப்பை எடுக்க வேறு வண்டி வரும். கட்டட அனுமதிக்கு வேறு விதிகள் பொருந்தும். ஆனால் பெட்டியில் இருக்கும் வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில்தான் இருக்கும். மாநகராட்சி உங்கள் வீட்டை வாங்கிவிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

இதில் இரண்டு வேறு உரிமைகள் இருக்கின்றன. ஒரு நிலப்பரப்பில் யார் சட்டம் செல்லும், யார் வரி வாங்குவார், யார் வழக்குத் தீர்ப்பார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முதலாவது. நாடுகளின் அளவில் இதற்கு இறையாண்மை என்று பெயர். ஒரு குறிப்பிட்ட துண்டு நிலத்தை வைத்திருக்கவும் விற்கவும் பிறர் நுழையாமல் தடுக்கவும் உள்ள உரிமை இரண்டாவது. அது நிலவுடைமை.

மாநகராட்சி ஒரு நாடு ஆகாது. அதனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. ஆனால் இறையாண்மை கைமாறும்போது நிலவுடைமையும் தானாகக் கைமாறிவிடுவதில்லை என்பதற்கு இது போதும்.

ரஷ்யாவின் கையில் உண்மையில் இருந்தது

1741-ல் விட்டஸ் பெரிங் தலைமையில் வந்த ரஷ்யக் கப்பல் பயணத்துக்குப் பிறகு, கடல் நீர்நாயின் தோலைத் தேடி வணிகர்கள் வரத் தொடங்கினார்கள். 1799-ல் ரஷ்ய அமெரிக்கக் கம்பெனிக்கு அரசர் பட்டயம் கொடுத்தார். கோடியாக் தீவு, சிட்கா, கரையோரத்தில் சில வணிகக் காவல்கள், யூகான் ஆற்றோரம் நுலாட்டோ போன்ற ஓரிரு இடங்கள். அவ்வளவுதான் அவர்கள் கால் ஊன்றிய இடம். உச்சக் காலத்திலும் அலாஸ்காவில் இருந்த ரஷ்யர்களின் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டவில்லை. வரைபடத்தில் ரஷ்ய வண்ணம் பூசப்பட்டிருந்த உள்நாட்டுப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை எந்த ரஷ்யரும் கண்ணால் பார்த்ததே இல்லை.

தலைநகரான சிட்காவின் நிலை இன்னும் தெளிவாகச் சொல்லும். அந்தப் பகுதி டிலிங்கிட் என்ற பழங்குடி மக்களுடையது. 1802-ல் அவர்கள் ரஷ்யர்களின் முதல் கோட்டையை அழித்தார்கள். 1804-ல் ரஷ்யர்கள் போர்க்கப்பலோடு திரும்பி வந்து சண்டையிட்டு, மறுபடி குடியேறினார்கள். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, கூர்மரங்களை நட்டு எழுப்பிய வேலிக்குள்தான் வாழ்ந்தார்கள். வேலியை ஒட்டியே டிலிங்கிட் ஊர் இருந்தது. பீரங்கிகள் அந்த ஊரை நோக்கித் திரும்பியிருந்தன. அதே ஊர்க்காரர்கள் கொண்டுவந்த மீனும் மான் கறியும் உருளைக்கிழங்கும்தான் வேலிக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு. 1855-லும் ஒரு தாக்குதல் நடந்தது. இப்படி வேலிக்குள் ஒதுங்கி வாழ்ந்தவர்களை அந்த மண்ணின் உடைமையாளர் என்று சொல்வது கடினம்.

பிறகு ஏன் விற்றார்கள்? நீர்நாய்கள் அருகிவிட்டன, கம்பெனி நஷ்டத்தில் ஓடியது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் பிரிட்டனிடம் அடிவாங்கிய ரஷ்யாவுக்கு, அடுத்த போரில் பக்கத்துக் கனடாவிலிருந்து பிரிட்டன் வந்து அலாஸ்காவை இலவசமாகவே எடுத்துக்கொள்ளும் என்ற பயம் இருந்தது. காக்க முடியாததை விற்பது புத்திசாலித்தனம் என்று முடிவெடுத்தார்கள். என் பார்வையில் அன்றைய நிலையில் அது தப்பான முடிவும் அல்ல.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது

1867 மார்ச் 30, விடியற்காலை நான்கு மணி அளவில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சூவர்டும் ரஷ்யத் தூதர் எட்வர்ட் ஸ்டெக்கலும் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 9 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 37-க்கு 2 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. ‘சூவர்டின் முட்டாள்தனம்’ என்று நாடே கைகொட்டிச் சிரித்தது என்ற கதை மிகைப்படுத்தப்பட்டது. பத்திரிகைகள் பலவும் ஆதரித்தே எழுதின. இழுபறி வந்தது பணம் ஒதுக்கும் கட்டத்தில்தான். கீழவை 1868 ஜூலையில்தான் ஒதுக்கீட்டுக்கு வாக்களித்தது.

ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, அமெரிக்கக் கண்டத்தில் ரஷ்யப் பேரரசரிடம் ‘இப்போது உள்ள’ நிலப்பரப்பையும் ஆளுகையையும் ஒப்படைப்பதாகச் சொல்கிறது. தன்னிடம் இருப்பதைத்தான் ஒருவர் கொடுக்க முடியும், ரஷ்யாவும் அதைத்தான் கொடுத்தது. இரண்டாம் பிரிவு எவை எவை சேர்ந்து வருகின்றன என்று பட்டியலிடுகிறது: பொது மனைகள், காலி நிலங்கள், கோட்டைகள், படைவீடுகள், அரசுக் கட்டடங்கள். தனியாருக்குச் சொந்தமான கட்டடங்கள் விலக்கப்பட்டன. தேவாலயங்கள் அந்தந்தத் திருச்சபை உறுப்பினர்களுக்கே உரியவை என்று தனியாக எழுதினார்கள். ஆக, ஒப்பந்தம் எழுதியவர்களுக்கே இறையாண்மை வேறு, உடைமை வேறு என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

சிக்கல் மூன்றாம் பிரிவில் வந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் மூன்று ஆண்டுக்குள் ரஷ்யாவுக்குத் திரும்பலாம், தங்கினால் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும். ஆனால் ‘நாகரிகமடையாத பழங்குடியினர்’ இதற்கு விலக்கு. அமெரிக்கா அவ்வப்போது இயற்றும் சட்டங்களுக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அலாஸ்காவில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ‘விலக்குக்குள்’ வருகிறவர்கள்: டிலிங்கிட், ஹைடா, அலூட், யூபிக், இன்யூபியாட், அதபாஸ்கன் மக்கள். அவர்களுடைய நிலம் யாருடையது என்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட இல்லை. ‘காலி நிலம்’ என்ற சொல்லுக்குள் அவர்களுடைய வேட்டைக் காடும் மீன்பிடி ஆறும் அடங்குமா என்று யாரும் விளக்கவில்லை.

அக்டோபர் 18 அன்று சிட்காவில் கொடி மாறியது. ரஷ்யக் கொடி கம்பத்தில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. அதோடு நாட்காட்டியும் மாறியது. ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 12 நாள் பின்தங்கியிருந்தது. தேதிக்கோடும் அலாஸ்காவுக்கு மேற்கே நகர்த்தப்பட்டது. இரண்டும் சேர்ந்ததில், அக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 18 வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஆளுகை மாறினால் கிழமை கூட மாறும். ஆனால் டிலிங்கிட் குலங்கள் தலைமுறையாகப் பகிர்ந்துகொண்டிருந்த சால்மன் ஓடைகள் அன்றும் அந்தந்தக் குலத்திடமே இருந்தன. எங்கள் மண்ணை விற்க ரஷ்யர் யார், பணம் எங்களுக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று டிலிங்கிட் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: 1867-ல் ரஷ்யா விற்றது ஆளும் உரிமையையும், கூடவே சில கோட்டைகளையும் கட்டடங்களையும். மீதி நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை எழுதப்படவே இல்லை.

அங்கூன், 1882: சட்டம் மாறுவதை நேரில் பார்த்தல்

இறையாண்மை என்ற சொல் காகிதத்தில் மிருதுவாக இருக்கும். தரையில் அது எப்படி இருந்தது என்று பார்க்க அட்மிரால்டி தீவிலுள்ள அங்கூன் என்ற டிலிங்கிட் ஊருக்குப் போக வேண்டும்.

1882 அக்டோபரில், ஒரு வணிக நிறுவனத்தின் திமிங்கலப் படகில் ஈட்டித் துப்பாக்கி வெடித்து, வேலை செய்துகொண்டிருந்த டிலிங்கிட் மருத்துவர் ஒருவர் இறந்தார். டிலிங்கிட் முறைப்படி, விபத்தாகவே இருந்தாலும் உயிர் போனால் அதற்குக் காரணமான தரப்பு இறந்தவரின் குலத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஊரார் 200 கம்பளிகள் கேட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வழக்கமான, நியாயமான தீர்வு. நிறுவனத்தார் சிட்காவில் இருந்த கடற்படையிடம் போனார்கள். கடற்படை அதிகாரியோ, அமெரிக்க ஆளுகைக்குள் இப்படிக் கேட்பதே குற்றம் என்று கருதி, ஊரார்தான் 400 கம்பளிகள் தண்டமாகக் கட்ட வேண்டும் என்று கெடு வைத்தார். அவர்களால் அத்தனையும் திரட்ட முடியவில்லை. அக்டோபர் 26 அன்று கடற்படை குண்டு வீசியது. வீடுகளையும், குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த உணவையும், படகுகளையும் அழித்தது. ஆறு குழந்தைகள் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள் என்று அங்கூன் மக்கள் வாய்வழியாகச் சொல்லிவருகிறார்கள். படகில்லாமல் மீனும் வேட்டையும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பசியிலும் பலர் மாண்டார்கள்.

ஒரு சாவுக்கு இரண்டு சட்டங்கள் பொருந்தின. எது செல்லும் என்பதைப் பீரங்கி முடிவு செய்தது. 1973-ல் இந்த அழிவுக்காக 90,000 டாலர் இழப்பீடு தரப்பட்டது. கடற்படை முறையாக மன்னிப்புக் கேட்டது 2024 அக்டோபர் 26 அன்று, சரியாக 142 ஆண்டுகள் கழித்து, அதே அங்கூனில்.

1884: தள்ளிவைக்கப்பட்ட விடை

1867 முதல் 1884 வரை அலாஸ்காவுக்குக் குடிமை அரசாங்கம் என்று ஒன்று இல்லை. முதல் பத்து ஆண்டுகள் தரைப்படை, பிறகு சுங்க அதிகாரிகள், அதன் பின் கடற்படை என்று நிர்வாகம் கைமாறிக்கொண்டிருந்தது. 1884-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி ஆளுநரையும் நீதிமன்றத்தையும் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் நிலம் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது: பழங்குடியினர் உண்மையில் பயன்படுத்திவரும், குடியிருக்கும், அல்லது உரிமை கோரும் நிலங்களில் அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஆனால் அந்த நிலத்துக்கு அவர்கள் பத்திரம் பெறும் முறையை எதிர்காலச் சட்டத்துக்கு விட்டுவைக்கிறோம்.

அதாவது, இருந்துகொள்ளுங்கள், பத்திரம் பிறகு. அந்தப் ‘பிறகு’ வர 87 ஆண்டுகள் ஆயின. இடையில் 1891-ல் மெட்லகட்லா ஊர் மக்களுக்காக அனெட் தீவு தனியாக ஒதுக்கப்பட்டது. 1906-ல் தனிநபர்கள் 160 ஏக்கர் வரை கேட்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. பருவத்துக்குப் பருவம் முகாம் மாற்றி, நூற்றுக்கணக்கான மைல் பரப்பில் வேட்டையாடும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் சதுரம் எதற்குப் பொருந்தும்? அதனால் அது பெரிதாகப் பயன்படவில்லை.

காகிதமில்லா உரிமை எவ்வளவு உறுதியானது?

தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு குளத்தில் மீன் பிடித்து வருகிறது. ஊரே அறியும். ஆனால் கையில் காகிதம் இல்லை. நம் பேச்சில் இதை அனுபவ பாத்தியம் என்போம். அமெரிக்கச் சட்டத்தில் பழங்குடியினரின் நீண்டகால அனுபவத்துக்கு ஏறக்குறைய இதுபோன்ற ஒரு வகைமை உண்டு. அதைப் பூர்வீக உரிமை என்று இங்கே அழைப்போம்: ஒரு மக்கள் கூட்டம் நெடுங்காலமாகத் தனக்கே உரியதாகப் பயன்படுத்திவந்த நிலத்தில் தொடர்ந்து இருக்கும் உரிமை.

ஆனால் இதை முழு உடைமையாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1823-லேயே, பழங்குடியினர் தங்கள் நிலத்தை அமெரிக்க அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது என்று அது தீர்ப்பளித்தது. 1955-ல் அலாஸ்காவிலிருந்து வந்த வழக்கில் இன்னும் ஒரு படி போனது. ராங்கல் ஊர்ப் பக்கம் டொங்காஸ் காட்டில் வனத்துறை மரங்களை விற்றது. டீ-ஹிட்-டன் என்ற டிலிங்கிட் குலம், அது எங்கள் நிலம், இழப்பீடு வேண்டும் என்று கேட்டது. காங்கிரஸ் அங்கீகரிக்காத பூர்வீக உரிமையை அரசு எடுத்துக்கொண்டால், அரசியல் சட்டப்படி இழப்பீடு தரவேண்டிய கட்டாயம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் குழம்புவார்கள். தீர்ப்பு ‘பூர்வீக உரிமை இல்லை’ என்று சொல்லவில்லை. உரிமை உண்டு, மற்றவர்கள் நுழைந்தால் தடுக்கலாம். ஆனால் அரசே எடுத்துக்கொண்டால் பணம் கேட்க முடியாது. காங்கிரஸ் மனம் வைத்துத் தந்தால்தான் உண்டு. அப்படி மனம் வைத்த உதாரணமும் இருக்கிறது. 1935-ல் காங்கிரஸ் தனிச்சட்டம் மூலம் டிலிங்கிட், ஹைடா மக்கள் வழக்குத் தொடர அனுமதித்தது. 1968-ல் அவர்களுக்கு ஏறத்தாழ 75 லட்சம் டாலர் தீர்ப்பாயிற்று. நூறாண்டு இடைவெளியில் டாலரின் மதிப்பு மாறிவிட்டது என்பது உண்மைதான். இருந்தாலும் அலாஸ்காவின் தென்கிழக்கு மூலைக்கு மட்டும் அளித்த ஈடு, மொத்த அலாஸ்காவுக்கு ரஷ்யாவிடம் கொடுத்த தொகையைவிடக் கூடுதல். விடிகாலையில் கையெழுத்தான அந்தக் காகிதத்தோடு நிலமும் வந்துவிட்டது என்பவர்கள் இந்தத் தீர்ப்புக்கு விளக்கம் சொல்ல முடியாது.

1959: மாநிலமும் நிலம் கேட்டது

1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா 49-வது மாநிலமாயிற்று. அதற்கு முன்பு அது மத்திய அரசு நேரடியாக ஆளும் பிரதேசம். பிரதேசவாசிகளுக்குக் காங்கிரஸில் வாக்குரிமையுள்ள பிரதிநிதி கிடையாது. மாநிலம் என்றால் தனக்கென்று வருமானம் வேண்டும். அதற்காக, ‘காலியாக உள்ள, யாருக்கும் ஒதுக்கப்படாத’ மத்திய அரசு நிலத்திலிருந்து 10 கோடியே 25 லட்சம் ஏக்கரை மாநிலம் 25 ஆண்டுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டம் சொன்னது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில், பழங்குடியினர் வைத்திருக்கும் நிலங்கள் மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று மாநிலம் எழுதிக்கொடுத்தது.

இரண்டு பிரிவுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. பனிக்காலத்தில் மட்டும் பொறி வைக்கும் காடும், கோடையில் மட்டும் வாத்து வேட்டையாடும் ஏரியும் நில அளவையாளரின் கண்ணுக்குக் காலி நிலமாகவே தெரியும். ஃபேர்பேங்க்ஸுக்கு மேற்கே மின்டோ ஏரிப் பகுதியை மாநிலம் கேட்டபோது, அந்த ஊர் அதபாஸ்கன் மக்கள் ஆட்சேபித்தார்கள். இப்படி ஒவ்வொரு பகுதியாக எதிர்ப்பு எழுந்தது. 1966-ல் பல குழுக்கள் சேர்ந்து அலாஸ்கா பூர்வகுடிகள் கூட்டமைப்பை உருவாக்கின. அவர்கள் கோரிய நிலங்களை வரைபடத்தில் சேர்த்துப் பார்த்தால் மாநிலத்தின் பெரும்பகுதி நிறைந்துவிட்டது. அதே ஆண்டு உள்துறை அமைச்சர் ஸ்டீவர்ட் யூடால், இந்தக் கோரிக்கைகள் தீரும்வரை நிலம் யாருக்கும் கைமாறக்கூடாது என்று நிறுத்திவைத்தார்.

இங்கே ஒரு கணம் நின்று பார்ப்போம். ஆளுகை அமெரிக்காவிடம். நிலத்தை மாநிலம் கேட்கிறது, பூர்வகுடிகள் தங்களுடையது என்கிறார்கள், மத்திய அரசு கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருக்கிறது. 1884-ல் தள்ளிவைத்த விடை இன்னும் வரவில்லை.

எண்ணெய் கொடுத்த நெருக்கடி

1968-ல் வடக்குக் கரையில் ப்ரூடோ பே என்ற இடத்தில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1969 செப்டம்பரில் மாநிலம் அங்கே குத்தகை ஏலம் நடத்தி ஒரே நாளில் 90 கோடி டாலர் ஈட்டியது. ஆனால் வடக்குக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி உறைபனி. கப்பல் வராது. உறையாத தெற்குத் துறைமுகமான வால்டீஸ்வரை சுமார் 1,287 கிலோமீட்டருக்குக் குழாய் போட வேண்டும்.

குழாய் என்பது நூல் பிடித்தாற்போல் தொடர்ச்சியாகப் போகும் ஒரு பட்டை நிலம். நடுவில் ஒரு கிலோமீட்டர் வழக்கில் மாட்டினாலும் மொத்தமும் பயனற்றது. பல நூறு கோடி டாலர் கடன் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது வில்லங்கமில்லாத உரிமைப் பத்திரம்தான். அலாஸ்காவிலோ, நிலம் யாருடையது என்பதே 1867 முதல் தீராத கேள்வி. நூறு ஆண்டுகளாகப் பூர்வகுடிகளின் மனுக்களுக்கு அசையாதிருந்த காங்கிரஸ் மூன்றே ஆண்டில் சட்டம் இயற்றியது. நீதி அவசரமாக வந்ததற்குக் காரணம் எண்ணெய்க் குழாய் என்பது வருத்தமான உண்மை. ஆனால் அந்த அவசரத்தைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிய பூர்வகுடித் தலைவர்களின் திறமையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் அப்போது முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

1971 சட்டம் எப்படி வேலை செய்கிறது

1971 டிசம்பர் 18 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட அலாஸ்கா பூர்வகுடி உரிமைத் தீர்வுச் சட்டத்தின் சாரம் ஒரு கொடுக்கல் வாங்கல். பூர்வகுடிகள் விட்டுக்கொடுத்தது: அலாஸ்கா முழுவதிலும் தங்களுக்கிருந்த பூர்வீக உரிமை, அதோடு சேர்ந்த வேட்டை, மீன்பிடி உரிமைகளும். பெற்றது: 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலம் முழு உடைமையாகவும், 96 கோடியே 25 லட்சம் டாலரும். பணத்தில் 46 கோடியே 25 லட்சம் அரசு கஜானாவிலிருந்தும், 50 கோடி கனிம வருமானத்திலிருந்தும் வந்தது. ஏக்கர் கணக்குப் போட விரும்புகிறவர்கள் இங்கே போடலாம், ஏனென்றால் இதுதான் உண்மையான நில உரிமைப் பரிமாற்றம். விட்டுக்கொடுத்த சுமார் 32 கோடி ஏக்கருக்கு ஏக்கர் மூன்று டாலர் வருகிறது.

நிலத்தைப் பழங்குடிக் குழுக்களின் பெயரில் எழுதவில்லை என்பதுதான் இந்தச் சட்டத்தின் புதுமை. லாபம் ஈட்டும் கம்பெனிகளை உருவாக்கி அவற்றின் பெயரில் எழுதினார்கள். இவை இரண்டு அடுக்கு: கிராமக் கம்பெனிகள் இருநூற்றுக்கும் மேல், அவற்றுக்கு மேலே 12 வட்டாரக் கம்பெனிகள். அலாஸ்காவுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்காகப் பதின்மூன்றாவது ஒன்று பின்னர் வந்தது, அதற்கு நிலம் கிடையாது. கால் பங்காவது பூர்வகுடி வம்சாவளி உள்ள, சட்டம் கையெழுத்தான நாளில் உயிரோடிருந்த அமெரிக்கக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 பங்குகள் தரப்பட்டன.

நிலப் பங்கீடு மக்கள்தொகையைப் பொறுத்தது. அளவுகோல் ‘டவுன்ஷிப்’. ஒரு டவுன்ஷிப் என்பது 36 சதுர மைல், அதாவது 23,040 ஏக்கர். 25 முதல் 99 பேர் உள்ள கிராமத்துக்கு மூன்று டவுன்ஷிப், 69,120 ஏக்கர். 100 பேரை எட்டினால் நான்கு. இப்படியே ஏறி, 600 பேரை எட்டினால் ஏழு டவுன்ஷிப், 1,61,280 ஏக்கர். தென்கிழக்குக் கிராமங்களுக்கு ஏற்கெனவே 1968 தீர்ப்பில் ஈடு கிடைத்துவிட்டதால் ஒரே ஒரு டவுன்ஷிப். கிராமங்கள் தங்கள் நிலத்தை மூன்று ஆண்டுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு, அதில் யார் வீடு கட்டியிருக்கிறார்களோ, கடை வைத்திருக்கிறார்களோ, மீன்பிடி முகாம் போட்டிருக்கிறார்களோ, அந்தத் துண்டுகளை அவரவர் பெயருக்குக் கம்பெனி மாற்றிக்கொடுக்க வேண்டும்.

இன்னொரு பிரிப்பும் உண்டு. கிராமத்துக்குக் கிடைப்பது மேல்நிலம் மட்டும்: மண், மரம், கட்டடம் நிற்கும் பரப்பு. அதன் அடியில் உள்ள எண்ணெய், தங்கம், நிலக்கரி முதலிய அடிநிலம் வட்டாரக் கம்பெனிக்கு உரியது. ஒரே இடத்துக்கு மேலே ஒரு சொந்தக்காரர், கீழே வேறொருவர். கனிமம் எல்லா வட்டாரத்திலும் சமமாகப் புதைந்திருக்காது என்பதால், எந்த வட்டாரக் கம்பெனி மரத்தாலோ கனிமத்தாலோ வருமானம் ஈட்டினாலும் அதில் 70 சதவீதத்தைப் பன்னிரண்டு வட்டாரங்களோடும் பகிர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. ‘வருமானம்’ என்றால் எதைக் கழித்தது போக என்பதில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. ஆனாலும் வளமில்லாத வட்டாரங்கள் பிழைத்துக் கிடப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

எங்கே இடறியது

கம்பெனி என்றால் அது கடன்படலாம், திவாலாகலாம். அதன் பங்கை விற்கலாம். நம் பேச்சில் சொன்னால் தாய்மண், சட்டத்தின் கண்ணில் ஒரு நிறுவனத்தின் சொத்து. 20 ஆண்டு கழித்து, 1991 முதல், பங்குகளை வெளியாருக்கு விற்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நெருங்க நெருங்க ஊர்களில் பதற்றம் கூடியது. கஷ்டத்தில் இருப்பவர் பங்கை விற்றால், கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வெளியாரின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். 1988 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தடுத்தது: பங்குதாரர்கள் வாக்களித்து அனுமதித்தாலொழிய விற்கமுடியாது. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நிலத்தைக் கடனுக்காகப் பறிக்கவும் முடியாது.

1971 டிசம்பர் 18-க்குப் பிறகு பிறந்தவர்களின் நிலை இன்னொரு தவறு. அண்ணனுக்கு 100 பங்கு, மறு வாரம் பிறந்த தங்கைக்கு ஒன்றுமில்லை. பெற்றோர் எழுதிவைத்தாலோ பரிசாகக் கொடுத்தாலோ உண்டு. திருத்தத்துக்குப் பிறகு, விரும்பும் கம்பெனிகள் வாக்கெடுப்பு நடத்தித் தாமாகவே புதியவர்களுக்குப் பங்கு தரலாம். சில தந்தன, சில தரவில்லை.

வேட்டை, மீன்பிடி உரிமையை முற்றாக அழித்ததும் வலித்தது. 1980 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட நிலப் பாதுகாப்புச் சட்டம், 10 கோடி ஏக்கருக்கும் மேல் தேசியப் பூங்கா, சரணாலயம் என்று ஒதுக்கியதோடு, வயிற்றுப்பாட்டுக்கான வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் கிராமவாசிகளுக்கு முன்னுரிமை தந்தது. ஆனால் அது கிராமத்தில் வாழும் எல்லாருக்கும் பொதுவானது, பூர்வகுடிகளுக்கு மட்டும் உரியதன்று.

இன்றைய கணக்குப்படி அலாஸ்காவில் சுமார் 60 சதவீத நிலம் மத்திய அரசிடம், 28 சதவீதம் மாநிலத்திடம், 12 சதவீதம் பூர்வகுடிக் கம்பெனிகளிடம். மற்ற தனியாரிடம் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழ்.

வீனிட்டாய்: தலைகீழாகத் திரும்பிய கேள்வி

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, யூகான் ஆற்றுக்கும் வடக்கே, வீனிட்டாய், ஆர்க்டிக் வில்லேஜ் என்று இரண்டு ஊர்கள். 1971 சட்டம் ஒரு மாற்று வழியும் வைத்திருந்தது: பணமும் வட்டாரப் பங்கும் வேண்டாம் என்றால், முன்பு ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தை முழு உடைமையாக, அடிநிலத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இந்த இரு ஊர்களும் அதைத் தேர்ந்தெடுத்தன. கிடைத்தது சுமார் 18 லட்சம் ஏக்கர். பிறகு கிராமக் கம்பெனிகளிடமிருந்து அந்த நிலத்தைத் தங்கள் பழங்குடி அரசின் பெயருக்கே மாற்றிக்கொண்டார்கள்.

1986 வாக்கில், அங்கே மாநில அரசுக்காகப் பள்ளிக்கூடம் கட்டிய ஒரு வெளியூர் ஒப்பந்ததாரரிடம், எங்கள் நிலத்தில் தொழில் செய்கிறீர்கள் என்று பழங்குடி அரசு சுமார் 1,61,000 டாலர் வரி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1998-ல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது: 1971 சட்டத்தின்படி கிடைத்த நிலம் பழங்குடி ஆளுகைக்கு உட்பட்ட பிரதேசம் ஆகாது, ஆகவே அந்த வரியை விதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

ரஷ்யரிடம் 1867-ல் அலாஸ்காவை ஆளும் உரிமை இருந்தது, நிலம் இல்லை. வீனிட்டாய் மக்களிடம் இன்று 18 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது, அதில் பள்ளிக்கூடம் கட்ட வந்தவரிடம் வரி வாங்கும் உரிமை இல்லை.